மறுபாட்டும் ரசிகர் வழக்கும்

பிரிக்பீல்ட்ஸின் துன் சம்பந்தன் சாலையில், மெல்லிசை நிகழ்ச்சி ஒன்று முடிந்து கூட்டம் கலைந்த பின்னிரவில், மாமாக் கடை மேசையைச் சுற்றி அமர்ந்துகொண்டு, எதிரே தே தாரிக் ஆடை படிந்து ஆறிக்கொண்டிருப்பதையும் பொருட்படுத்தாமல் நான்கு பேர் வாதாடியதை அடுத்த மேசையிலிருந்து முழுவதும் கேட்கும் வாய்ப்பு எனக்கு ஒருமுறை கிட்டியது. அன்றைய மேடையில் மின் கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு ராக் பாணியில் பாடிய இளைஞர் அடுத்த நிகழ்ச்சியில் எந்தப் பழைய பாட்டை எடுத்துப் பாட வேண்டும் என்பதே வாதத்தின் விஷயம். "ராஜா பாட்டுல கை வைக்கவே கூடாது தம்பி, அது முடிஞ்ச சிற்பம்" என்றார், ரயில்வேயில் உழைத்து ஓய்வுபெற்றவர் போலத் தோன்றிய பெரியவர். "கை வைக்காம இருந்தா எங்க பசங்க வாயில அது எப்படிண்ணே தங்கும்?" என்று கேட்டார் எதிரே இருந்தவர். மற்ற இருவரும் ஒருவர் எம்.எஸ்.விசுவநாதனுக்காகவும் மற்றவர் மலேசியா வாசுதேவனுக்காகவும் வக்காலத்து வாங்கினார்கள். கடைக்காரர் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கும் வரையில் தீர்ப்பு ஒன்றும் ஏற்படவில்லை.

ஒருவர் பாடிப் புகழ் பெற்ற பாட்டை வேறொருவர் தம் சாரீரத்திலும் தம் வாத்தியங்களிலும் மறுபடி ஆக்கித் தருவதை இளைஞர்கள் 'கவர்' என்கிறார்கள். இக்கட்டுரையில் அதை மறுபாட்டு என்று வழங்குவேன். எந்தப் பாட்டு மறுபாட்டாக வேண்டும் என்று ரசிகர்கள் சண்டையிட்டுக்கொள்வதைப் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுவது எளிது. ஆயினும் கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழரிடையே இந்த வழக்கு வகிக்கும் ஸ்தானத்தைச் சற்றே ஊன்றி நோக்கினால், வெளியிலிருந்து வந்த பாட்டைத் தமக்குரியதாக்கிக்கொள்ள ஒரு சமூகம் கையாண்ட உபாயங்களில் இது முதன்மையானது என்பது புலப்படும் என்பது என் அபிப்பிராயம்.

மலாயாத் தமிழருக்குத் திரைப்பாட்டு எப்படி வந்து சேர்ந்தது என்பதிலிருந்து தொடங்குவதே முறை. அது சென்னையில் பிறந்தது, இசைத்தட்டாகக் கப்பலேறியது, திரைப்படச் சுருளோடு வந்து தோட்டத்துத் திறந்தவெளித் திரையில் ஒலித்தது, 1946ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் மலாயா வானொலி தோன்றிய பின்னர் அதன் தமிழ்ப் பகுதி வாயிலாக வீட்டுக்குள்ளேயே புகுந்தது. பாட்டை ஆக்குவதில் இங்குள்ளவனுக்குப் பங்கு இல்லை. எந்தக் கவிஞர் எழுதுவது, யார் மெட்டமைப்பது, எவர் பாடுவது என்பவை யாவும் கடலுக்கு அப்பால் முடிவான காரியங்கள். இங்குள்ளவனுக்கு எஞ்சியிருந்த சுதந்திரம் ஒன்றே ஒன்றுதான்: கேட்பது. கேட்பது என்ற நம் சொல்லுக்குச் செவிமடுத்தல், வேண்டுதல் என இரண்டு பொருள் உண்டல்லவா? நேயர் விருப்ப நிகழ்ச்சிக்குத் தபாலட்டை எழுதி, குடும்பத்தார் பெயர் அத்தனையும் வரிசையாகக் குறித்து, இன்ன படத்தில் இன்ன பாட்டு என்று வேண்டிக்கொண்டு, அது ஒலிபரப்பாகும் தினத்தில் வானொலிப் பெட்டியண்டை கூடியிருந்த தலைமுறைக்கு அவ்விரண்டு பொருளும் ஒரே செயலாக இருந்தன. பாட்டைத் தேர்ந்தெடுப்பதே அவர்களுடைய படைப்பு. மேடைக்கருகில் சென்று துண்டுச் சீட்டை நீட்டும் இன்றைய ரசிகரும், மின்னல் வானொலிக்கோ ராகாவுக்கோ விருப்பம் சொல்லியனுப்பும் நேயரும் அந்தத் தபாலட்டையின் வாரிசுகளே.

பாடகர் எதைப் பாட வேண்டும் என்று கேட்போர் வழக்கிடுவது தமிழருக்குப் புதிதன்று. 1941ஆம் ஆண்டில் அண்ணாமலை நகரில் கூடிய தமிழிசை மாநாடு, தமிழ்நாட்டுச் சங்கீத மேடைகளில் தமிழ்ப் பாட்டுகளுக்கே பிரதான இடம் வேண்டும் என்று தீர்மானம் செய்ததும், அதை எதிர்த்துச் சென்னைச் சங்கீத வித்வத் சபையார் குரல் எழுப்பியதும், ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் ஆதரவிலே 1943இல் தமிழ் இசைச் சங்கம் தோன்றியதும், கல்கி அவர்கள் அந்தக் கட்சியை எடுத்துக்கொண்டு பத்திரிகையில் இடையறாமல் வாதாடியதும் சரித்திரம். அப்போதும் பிரசினை இதுவே: பாடகர் தாமறிந்த உருப்படிகளில் எது சிறந்ததோ அதைப் பாடட்டும் என்றனர் ஒரு சாரார், எதிரே உட்கார்ந்திருப்பவரின் நெஞ்சுக்கு எட்டுகின்ற மொழியில் பாடட்டும் என்றனர் மறு சாரார். சங்கீதத்தின் உயர்வு தாழ்வைப் பற்றிய தர்க்கம் போலத் தொடங்கிய அது, மேடை யாருக்குச் சொந்தம் என்ற தர்க்கமாக விரிந்தது. மாமாக் கடைப் பெரியவரும் அவர் எதிராளியும் அந்தப் பழைய வழக்கைத்தான் வேறு வாத்தியங்களோடு தொடர்ந்துகொண்டிருந்தார்கள்.

இனிக் கிள்ளானுக்கு வருவோம். தெங்கு கிளானா சாலையில் தீபாவளிக்கு முந்திய வாரங்களில் நடந்தவர்கள் அறிவார்கள்: புடவைக் கடையும் பூமாலைக் கடையும் பலகாரக் கடையும் ஒவ்வொன்றும் வாசலில் ஒலிபெருக்கியை வைத்து ஒவ்வொரு பாட்டை முழக்க, பத்தடிக்கு ஒரு படமாக நாற்பது ஆண்டுத் திரையிசை முழுவதையும் நடந்தே கடந்துவிடலாம். அந்தக் கிள்ளான் மண்ணில் 1944இல் மலையாளப் பெற்றோருக்குப் பிறந்து, இந்நாட்டு மேடைகளிலே பாடியும் நடித்தும் பழகி, பின்னர் சென்னைக்குப் பிரயாணமானவர் வாசுதேவன். பிறந்த நாட்டையே பெயரின் முன்னே தாங்கி நின்றவர் அவர். '16 வயதினிலே' படத்துக்காக 1977இல் எஸ்.பி.பாலசுப்பிரமணியம் பாடவிருந்த பாட்டு, அவருக்குத் தொண்டை கட்டியதால் இவருக்கு வாய்த்தது என்பது பலரும் சொல்லக் கேட்டதே. அதே ஆண்டில் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இலங்கைப் பைலா மெட்டான 'சுராங்கனி'யை அவர் பாடினார். இலங்கையில் ஊறிய மெட்டைக் கிள்ளானில் பிறந்த குரல் சென்னையில் பாடி மூன்று கரைகளுக்கும் திருப்பியனுப்பியது என்பதை எண்ணும்போது, மூலம் எது, மறுபாட்டு எது என்ற பேதமே சற்று மங்கிவிடுகிறது.

2011 பிப்ரவரியில் அவர் மறைந்த பின்பு, கிள்ளான் பள்ளத்தாக்கில் ராக் பாடுகிறவர்களிடம் ரசிகர்கள் வைக்கும் விண்ணப்பங்களில் அவர் பாட்டுகள் மிகுதி என்பதை நான் பல நிகழ்ச்சிகளில் கண்டிருக்கிறேன். எவை என்பதில்தான் பிளவு. 'முரட்டுக் காளை'யின் 'பொதுவாக எம்மனசு தங்கம்' வேண்டும் என்பவர்கள் தொகையில் அதிகம். கூட்டத்தை எழுப்பிவிடும் என்பது அவர்கள் நியாயம். 'அடுத்த வாரிசு' படத்தின் 'ஆசை நூறுவகை' ஏற்கெனவே மேனாட்டுத் தாளத்தில் அமைந்திருப்பதால் கிதாருக்கு ஏற்றது என்பார்கள் வேறு சிலர். முன்னதைப் பற்றி நான் சொல்லக் கூடியது, தவிலும் பறையும் கூட்டும் வேகத்தை டிரம்ஸும் கிதாரும் கொண்டு பிரதி செய்ய முயல்வதில் லாபம் ஏதும் இல்லை என்பதே. பின்னதிலோ, மூலத்துக்கும் மறுபாட்டுக்கும் இடையே பிரயாணம் செய்யத் தூரமே கிடையாது. மறுபாட்டுக்கு உயிர் கொடுப்பது அந்தத் தூரம். பாப் டிலன் 1967இல் அடக்கமாகப் பாடிப் பதிவு செய்த பாட்டொன்றை மறு ஆண்டே ஜிமி ஹென்ட்ரிக்ஸ் புயலாக்கியதையும், அதன் பிறகு டிலனே மேடையில் அந்தப் பாட்டை ஹென்ட்ரிக்ஸின் போக்கில் பாடலானதையும் ராக் ரசிகர்கள் யாவரும் உதாரணம் காட்டுவார்கள். தூரம் சென்றவர் பாட்டை உடையவருக்கே புதிதாக்கிக் கொடுத்தார்.

வேறொரு வழியில் சென்றவர்களையும் இங்கே நினைவுகூர வேண்டும். பினாங்கில் பிறந்த தமிழ்ச் சகோதரர்களான டேவிட் ஆறுமுகமும் லோகநாதன் ஆறுமுகமும் முன்னின்று நடத்திய ஆலிகேட்ஸ் குழுவினர், மேனாட்டுப் பாட்டுகளை மேடையில் மறுபாட்டாகப் பாடி வளர்ந்து, ஹாங்காங் கேளிக்கை மேடைகளில் தேர்ச்சி பெற்று, 1979 முதல் எம்.நாசிர் முதலிய இசையமைப்பாளர்களின் மலாய்ப் பாட்டுகளால் இந்நாடு முழுவதற்கும் உரியவர்களாயினர். கோலாலம்பூரைப் புன்னகைக்கச் சொல்லும் அவர்கள் பாட்டு இந்நகரத்தின் அடையாளங்களில் ஒன்று. தமிழ் ரசிகர் சிலரிடத்தில் மட்டும் ஒரு குறை வெகுகாலம் இருந்து வந்தது: இத்தனை வளமான சாரீரங்கள் ஏன் நம் பழைய பாட்டுகளில் ஒரு பத்தையேனும் எடுத்து ஒரு தட்டாகத் தரலாகாது? லோகாவின் அந்தக் கனத்த, சற்றே கரகரத்த குரலுக்கு இன்ன பாட்டு, டேவிட்டின் குரலுக்கு இன்ன பாட்டு என்று பட்டியல் வைத்திருந்தவர்களை நான் அறிவேன். நானும் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். 2007ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் லோகா காலமான செய்தி வந்த அன்று அதை நினைத்துக்கொண்டபோது, பாடப்படாத அந்தப் பத்துப் பாட்டுகளும் என் செவிக்குள் அவர் குரலிலேயே பதிவாகியிருந்தன என்பதை உணர்ந்தேன். ரசிகனுடைய தேர்வு நிறைவேறாமற்போனாலும் வீணாவதில்லை. ஒரு குரலின் தன்மையை அவன் கூர்ந்து அறிந்துகொள்வதே அந்தத் தேர்வின் வாயிலாகத்தான்.

இந்நாட்டுத் தமிழ்க் குழுவினர் தமக்கெனப் புதுப் பாட்டுகள் இயற்றாமல் இருக்கவில்லை. டார்க்கி நாகராஜா பாடிய 'த கீஸ்' குழு 1990களில் அப்பாதையைத் திறந்தது. 1998இல் வெளிவந்த தம் முதல் இசைத்தொகுப்பிலேயே ஆங்கிலம், மலாய், தமிழ், கண்டோனீயம் ஆகிய மொழிகளைக் கலந்து தந்தனர் பொயட்டிக் அம்மோ குழுவினர். அவர்களுள் ஒருவரான யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகியோருடன் சேர்ந்து நட்சத்திரா என்ற பெயரில் 2006இல் 'வல்லவன்' தொகுப்பை வெளியிட்டபோதுதான், நம் விசாரணைக்கு மையமான நிகழ்ச்சி நடந்தது. அதில் 'மடை திறந்து' இருந்தது.

இவர்கள் பாடுவது ராக் அன்று, சொல்லிசை. கறாரான பாகுபாடு வேண்டுவோர் ஆட்சேபிக்கலாம். ஆனால் எந்தப் பாட்டைத் தேர்வது என்ற கேள்விக்கு இப்பகுதி அளித்த விடைகளில் இதைக் காட்டிலும் ஆழ்ந்த ஒன்றை நான் காணவில்லை. 'மடை திறந்து' பாட்டின் மூலம் இடம்பெற்ற பாரதிராஜாவின் 'நிழல்கள்' 1980இல் வெளியான படம். வாலி எழுதி, இளையராஜா மெட்டமைத்து, பாலசுப்பிரமணியம் பாடிய அந்தப் பாட்டு, வாய்ப்பைத் தேடி அலையும் இளம் இசைக் கலைஞன் ஒருவன் தனக்கு மேடையும் புகழும் கிட்டிவிட்டதாகக் காணும் கற்பனை. படத்தில் அவன் கனவு பலிப்பதில்லை. படமும் அக்காலத்தில் ஓடவில்லை. பாட்டோ நிலைத்துவிட்டது. இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின், சென்னைத் திரையுலகின் வாசற்படி எங்கே இருக்கிறது என்றும் அறியாத மலேசிய இளைஞர்கள் மூவர், பலிக்காத அந்தக் கனவை எடுத்துத் தம் கதையாகச் சொன்னார்கள். பாட்டின் பொருளும் பாடுவோரின் நிலையும் அப்படிப் பொருந்திப்போனதால், பல்லவியை வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தம் சொல்லால் நிரப்பிய அவர்கள் செயல் அத்துமீறலாகத் தோன்றவில்லை. பாட்டில் வரும் இளைஞனே பினாங்குக் கப்பலில் வந்திறங்கி மிச்சக் கதையைத் தானே சொல்வது போலிருந்தது. தமிழ்நாடும் அதைச் செவிமடுத்தது.

இதன் தொடர்ச்சி இன்னும் சுவையானது. கே.பாலசந்தரின் 'நினைத்தாலே இனிக்கும்' 1979ஆம் ஆண்டுத் தமிழ்ப் புத்தாண்டுக்கு வெளியான படம்; தமிழ்நாட்டிலிருந்து ஓர் இசைக்குழு சிங்கப்பூருக்கு வந்து பாடுவது கதை; எம்.எஸ்.வி.யின் இசை. மின் கிதாரும் டிரம்ஸும் கொண்ட குழு என்றால் அது எப்படி நிற்கும், எப்படி நடக்கும் என்பதை இப்பிராந்தியத்து மெல்லிசைக்காரர் பலருக்கு முதன்முதலில் தமிழில் காட்டியது அந்தப் படமே. அதன் 'எங்கேயும் எப்போதும்' 2007ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு வந்த 'பொல்லாதவன்' படத்தில் மறுவடிவம் பெற்றபோது, அதில் யோகி பி-யும் நட்சத்திராவும் இடம் பெற்றார்கள். முன்னம் பாட்டும் பாடகரும் மேற்கிலிருந்து கிழக்கே வந்தார்கள். இருபத்தெட்டு ஆண்டு கழித்து அதே பாட்டைப் பாட இங்கிருந்து குரல் போயிற்று. தபாலட்டை எழுதிக் காத்திருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் தாம் விரும்பிய பாட்டைத் தாமே அனுப்பிவைத்தார்கள் என்று இதை நான் வாசிக்கிறேன்.

இனி, ராஜா பாட்டில் கை வைக்கலாகாது என்ற பெரியவரின் கட்சிக்கு உரிய கௌரவத்தோடு விடை சொல்ல வேண்டும். அவர் சொல்லில் சங்கீத நியாயம் இருக்கிறது. இளையராஜாவின் பாட்டுகளில் இரண்டு சரணங்களுக்கு முன்னே வரும் இடையிசைகள் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று வேறானவை. அடித்தள கிதார் தனக்கென ஒரு மெட்டைப் பாடிக்கொண்டு கீழே நடக்கும். வயலின் கூட்டம் மேலே பதில் சொல்லும். இருபது முப்பது பேர் வாசித்ததை நான்கு பேர் கொண்ட ராக் குழு எடுக்கும்போது எதையாவது விட்டேயாக வேண்டும். எதை விடுவது என்பதுதான் மறுபாட்டுக்காரனின் சாமர்த்தியம் முழுவதும். அங்கே கீபோர்டில் எல்லா வாத்தியங்களின் சாயலையும் திணித்துவிட முயலும் நம் மெல்லிசைக் குழுக்களின் சம்பிரதாயம் எனக்கு உடன்பாடில்லை. அது நகலுக்கு வழி, மறுபாட்டுக்கு அன்று.

கமகம் நிறைந்த நம் பாட்டுக்கு ராக் கிதார் ஒவ்வாது என்பார்கள். இதில் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். கிதாரின் ஒலியை முறுக்கி உரப்பாக்கும்போது காந்தார ஸ்வரம் கலந்தால் ஓசை குழம்பிவிடுவதால், ராக் கிதார்காரர்கள் அதை ஒதுக்கிவிட்டு ஷட்ஜத்தையும் பஞ்சமத்தையும் மாத்திரம் சேர்த்து மீட்டுகிறார்கள். ஷட்ஜமும் பஞ்சமமும் மாத்திரம் இடைவிடாமல் ஒலிப்பதை நாம் வேறெங்கே கேட்டிருக்கிறோம்? தம்பூராவில்! காந்தாரம் இன்னதென்று கிதார் நிர்ணயித்துவிடாமையால், பாடுகிறவருடைய குரல் அந்த ஸ்வரத்தை அசைக்கவும் தாழ்த்தவும் உரிமை பெறுகிறது. செட்டியார் பங்களாவிலும் கோவில் மண்டபத்திலும் கேட்ட சுருதியே உருமாறி ஒலிபெருக்கியில் முழங்குகிறது என்று நான் சொன்னால், பிரிக்பீல்ட்ஸ் பெர்ஹாலாச் சாலை நுண்கலைக் கோயிலில் சங்கீதம் பயிலும் பிள்ளைகள் நகைக்கமாட்டார்கள்; அவர்களில் சிலர் மாலையில் தம்பூராவும் இரவில் கிதாருமாக இரண்டிலும் கை பழகியவர்கள்.

சட்டத்தின் பக்கமும் ஒன்றுண்டு. 2017 மார்ச்சில், அமெரிக்காவில் இசைப் பயணத்திலிருந்த பாலசுப்பிரமணியத்துக்கு, அனுமதியின்றித் தம் பாட்டுகளை மேடையில் பாடலாகாது என்று இளையராஜாவின் தரப்பிலிருந்து அறிவிப்புச் சென்றபோது, உலகெங்கும் தமிழ் ரசிகர் இரு கூறாயினர். பாடியவரே பாடக் கூடாதா என்று கொதித்தவர்களும், ஆக்கியவருக்கு உரிமை இல்லையா என்று வினவியவர்களும் ஒரே வீட்டில் இருந்தனர். மேடையில் பாடுவது வேறு, மறுபாட்டைப் பதிவு செய்து விற்பது வேறு என்ற பாகுபாட்டை அப்போது பலர் அறிந்திருக்கவில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்க்கப்பட்ட 31சி பிரிவின்படி, மூலப் பாட்டு முதலில் பதிவான ஆண்டின் இறுதியிலிருந்து ஐந்து ஆண்டு கடந்த பின்னரே மறுபாட்டைப் பதிவு செய்யலாம். ஆண்டொன்றுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்குரிய உரிமைத்தொகையை முன்கூட்டியே செலுத்த வேண்டும். தொழில்நுட்பத்துக்கு அவசியமான மாற்றங்களுக்கு மேல் பாட்டைத் திருத்தலாகாது. இந்தக் கடைசி நிபந்தனை எனக்குக் கவலை தருகிறது. நகலெடுப்பவனுக்கு வழிவிட்டு, தூரம் செல்பவனைத் தடுக்கும் ஏற்பாடு அது. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுச் சட்டமும் 25ஆம் பிரிவில் ஆக்கியோனின் பெயரையும் ஆக்கத்தின் மாண்பையும் காக்கிறது. அந்தக் காப்பு நியாயமானது. ஆக்கியோன் உயிரோடிருக்கும்போது அவரிடமே சென்று அனுமதி கேட்பதைக் காட்டிலும் நேரான வழி கிடையாது. ஆனால் கிள்ளானில் நான்கு பேர் சேர்ந்து நடத்தும் குழுவுக்கு அந்த வாசல் எத்தனை தொலைவு என்பதை அறிந்தவர்கள் சட்டம் செய்யும் இடத்திலே இருந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

மாமாக் கடையில் என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் வாக்கு 1981இல் வந்த 'பன்னீர் புஷ்பங்கள்' படத்தின் 'கோடைகாலக் காற்றே' என்ற பாட்டுக்குத்தான். அது வாசுதேவன் பாடியது. அதன் எலும்புக்கூடே கிதார் ஆனமையால் ராக் குழுவுக்கு அந்நியமில்லை. இயல்பில் மென்மையான பாட்டாகையால் பிரயாணம் செய்யத் தூரமும் உண்டு. உதகையின் குளிரைப் பின்புலமாகக் கொண்ட பாட்டை, ஆண்டு முழுதும் கோடையாயிருக்கும் ஊரில் பாடும்போது அதன் முதற்சொல்லுக்கே வேறு அர்த்தம் உண்டாகிறது. வாசுதேவனின் சுருதியை எட்டவில்லையென்றால் அரைக் கட்டையோ ஒரு கட்டையோ இறக்கிக்கொள்வதில் குற்றமில்லை. முதல் சரணம் வரை ஒற்றைக் கிதார் போதும். டிரம்ஸ் அதன் பிறகு வரட்டும். இடையிசையை எந்த வாத்தியமும் வாசிக்க வேண்டாம். தெங்கு கிளானா சாலையிலிருந்து நடந்தே வந்துவிடக் கூடிய ஏதேனும் ஒரு மண்டபத்தில் அதைப் பாடினால், இடையிசை வரும் இடத்தில் பாடகர் ஒலிவாங்கியைச் சபையை நோக்கித் திருப்பினால் போதும்; வயலின்கள் வாசித்தது ஒவ்வொன்றும் அங்கே இருப்பவர்களுக்கு மனப்பாடம்.